ஊசி திரும்பி வந்தபோது

அக்காவும் தங்கையும் எதிலும் ஒத்துப்போனதில்லை. மின்விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதில் தொடங்கி, குளியலறைக்குள் யார் முதலில் போவது என்பதுவரை தினம் ஒரு பஞ்சாயத்து. அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு வருகிறவளுக்கு வீடு குளுகுளுவென்று இருக்க வேண்டும். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ்களைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுப்பவள். தண்ணீர் தெளித்தபடியே சுற்றும் அந்த இயந்திரத்தின் முன்னால் விரல் விறைத்துப்போய் வருகிறவளுக்குக் கதகதப்பு வேண்டும். நாற்பதைத் தாண்டிய இருவரும், அம்மா விட்டுப்போன அந்த மாடி வீட்டில், சண்டை போட்டுக்கொண்டே சுகமாகத்தான் இருந்தார்கள்.

சண்டை போடாத ஜீவன்கள் என்றால் அந்த வீட்டில் பூனைகள் இரண்டும்தான். மூட்டை அண்ணன், ஊசி தங்கச்சி. ஒரே ஈற்றில் பிறந்தவை. இரண்டுக்கும் சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி. மூட்டை பேருக்கேற்ற மூட்டை. ஊசி பேருக்கேற்ற ஊசி. நகமும் சதையும் என்பார்களே, அப்படி. இரண்டும் பின்னிக்கொண்டு தூங்கும்போது எந்தக் கால் எதனுடையது என்று சொல்ல முடியாது. “நம்ம சண்டையைப் பாத்துத்தான் இதுங்க இப்படி இருக்கணும்னு முடிவு பண்ணிருக்கும்” என்பாள் அக்கா.

மூட்டைக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை முன்பே முடிந்துவிட்டது. ஊசி அப்போது தும்மிக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தள்ளிப்போனது. விலங்கு மருத்துவமனையில் இலவச முகாம் என்று கேள்விப்பட்டுத் தங்கை அவளைக் கொண்டுபோனாள். ஊரில் உள்ள பூனையெல்லாம் அன்றைக்கு அங்கேதான் இருந்தது போலிருந்தது. பக்கவாட்டில் துளையிட்ட, ஒரே மாதிரியான அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மறுநாள் மாலை பெட்டியை வாங்கிக்கொண்டு, மயக்கம் தெளியாமல் உள்ளே சுருண்டு கிடந்ததைத் துளை வழியாகப் பார்த்து, “வீட்டுக்குப் போயிடலாம்டி கண்ணு” என்று பேசிக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் பெட்டியைத் திறந்ததும் மூட்டை ஓடி வந்தான். வழக்கமாக மூக்கோடு மூக்கு உரசுவான். அன்றைக்குப் பாதி வழியிலேயே, யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றான். வால் பாட்டில் கழுவும் தூரிகைபோல் உப்பியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை இருவரும் கேட்டதில்லை. கல்லைக் கல்லால் அரைப்பதுபோல் இருந்தது. பெட்டிக்குள் இருந்தது தலை தூக்கியதுதான் தாமதம், மூட்டை பாய்ந்துவிட்டான்.

இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. முடி பறந்தது. தங்கை கையை விடப் போனாள்.

“கைய விடாதடீ!” என்று கத்திய அக்கா, சுவரில் சாய்த்திருந்த இஸ்திரிப் பலகையை எடுத்து இரண்டுக்கும் நடுவே செருகினாள். மூட்டை அலமாரியின் மேல் ஏறிக்கொண்டான். மற்றொன்று பின்னறைக்குள் ஓடி ஒளிந்தது. அக்கா அறைக்கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

தங்கை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா பதறவில்லை.

“சகஜம்தாம்மா. பூனைக்கு மூஞ்சியைவிட வாசனைதான் அடையாளம். இங்கேர்ந்து மருந்து வாசனையோட வர்றதை வேற யாரோன்னு நெனச்சிடும். ரெண்டையும் தனித்தனியா வைங்க. ஒரே துண்டால இதையும் துடைங்க, அதையும் துடைங்க. மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வைங்க. பழகிடும். அவசரப்பட்டு நேருக்கு நேர் விட்டுடாதீங்க.”

சொன்னபடியே செய்தார்கள். தங்கை துண்டால் பின்னறைப் பூனையைத் துடைத்து, கொண்டுவந்து மூட்டையின் முன் விரித்தாள். சீறுவான் என்று நினைத்தாள். அவன் சீறவில்லை. மெல்லக் கிட்டே வந்தான், நெடுநேரம் முகர்ந்தான். பிறகு தன் மலத்தை மண் தள்ளி மூடுவதுபோல, வெறுந்தரையைக் காலால் பறித்துப் பறித்து அந்தத் துண்டின்மேல் தள்ளத் தொடங்கினான். இல்லாத மண்ணால் அதைப் புதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

தங்கை துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அக்காவிடம் சொல்லவில்லை.

பின்னறைப் பூனை, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அடுத்த நிமிடம் தட்டு காலி. கூப்பிட்டால் திரும்பாது. “ஊசி” என்றால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து, தங்கையின் அக்குளில் மூஞ்சியைப் புதைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. இப்போது கட்டிலடியிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரியும். அந்தக் கண்கள் தங்கையைப் பார்ப்பதுகூட இல்லை. அவள் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில், ஓர் ஆள் நின்றால் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்க்கும். ஒவ்வொரு முறையும் தங்கை திரும்பிப் பார்த்துவிடுவாள். சுவர்தான் இருக்கும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கினால் அது கட்டிலடியை விட்டு வெளியே வந்து ஜன்னல் திண்டில் ஏறும். தெருவைப் பார்த்துக் கத்தும். பசிக்கு அழும் குரல் அல்ல, துணை தேடும் குரலும் அல்ல. மாடியிலிருந்து ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, கடைசியில் இழுத்து, கேள்வியாக முடியும். கூப்பிட்டதும் நிறுத்தும். காதை ஒரு பக்கமாகத் திருப்பும். பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருக்கும். பிறகு, பதிலுக்குப் பதில் சொல்வதுபோல், சின்னதாக ஒரு சத்தம். மறுபடி கூப்பிடும்.

அந்த நேரத்தில் மூட்டை அலமாரி உச்சியில் ஏறி, உடம்பைக் குறுக்கி, பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“மயக்கமருந்து குடுத்தா புத்தி கொஞ்சநாள் தடுமாறும்” என்றாள் அக்கா. ஆனால் சொல்லும்போது எழுந்து போய்க் கூடத்து விளக்கைப் போட்டாள். அவ்வளவு சீக்கிரம் விளக்குப் போட்டதற்காகத் தங்கையைத் திட்டுகிறவள் அவள்தான்.

ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம் தங்கை எழுந்து வந்தாள். பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தின் நடுவில், வாசல் கதவைப் பார்த்தபடி, அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அலமாரி மேல் மூட்டை, கத்தக்கூட மறந்து நடுங்கிக்கொண்டிருந்தான். அது அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கை போர்வையைப் போட்டு அள்ளிக்கொண்டுபோய் அறையில் விட்டாள். பிறகு அக்காவை எழுப்பிப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“கதவைச் சாத்துனு எத்தனை வாட்டி சொல்றது? இருக்கிறது ஒரு வேலை!”

“நான் சாத்துனேன். கடைசியா உள்ள போனது நீதான்.”

“நான் போகவே இல்ல.”

“அப்ப பூனை தானா திறந்துக்கிச்சாக்கும்!”

அன்று முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கமான சண்டை இல்லை இது. வழக்கமான சண்டையில் ஒருத்தி பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள், இன்னொருத்தி அதைவிடச் சத்தமாக வைப்பாள், அதோடு முடிந்துவிடும். இப்போது பாத்திரங்கள் சத்தமே போடவில்லை. ஒருத்தி கூடத்துக்கு வந்தால் இன்னொருத்தி அடுக்களைக்குப் போனாள்.

மாலையில் அந்தக் குரல் நின்ற சற்று நேரத்தில், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னறைக் கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

அந்த வீட்டில் அந்த ஒரு கதவுக்குத்தான் அழுத்தித் திறக்கும் கைப்பிடி. அது மெதுவாக இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. கதவு ஒரு சாண் திறந்தது. முன்னங்கால்களால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த பூனை, பொத்தென்று குதித்து, பழக்கப்பட்ட வீட்டில் நடப்பதுபோல் நடந்து வந்து வாசல் கதவின் முன்னால் உட்கார்ந்தது.

அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊசிக்குக் கதவு திறக்கத் தெரியாது.”

“தெரியாது.”

“அப்ப இது யாருடீ?”

இத்தனை நாளாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிய கேள்வியை இன்னொரு வாயிலிருந்து கேட்டதும், தங்கைக்குப் பயம் கூடியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. போனில் இருந்த பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு சாம்பல் பூனை. அறையில் இருப்பதும் ஒரு சாம்பல் பூனை. வருடக்கணக்காக மடியில் போட்டுக் கொஞ்சியதை, நெற்றியில் எத்தனை வரி என்றுகூடப் பார்த்து வைக்கவில்லை. நூலிழை பிசகாமல் லென்ஸ் தேய்க்கிற கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தங்கை நொந்துகொண்டாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். கூண்டு கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் யோசித்தார்.

“சாம்பல் வரியா? அன்னிக்கு ரெண்டு வந்துச்சும்மா, ரெண்டும் பொட்டை. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு பஸ் ஓட்டுறவர் ஒருத்தரோடது. உங்களுக்குப் பின்னாடியே நின்னாரே, காக்கிச் சட்டை.” சொல்லும்போதே அவர் கை நின்றது. “பெட்டி ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு...”

டிரைவர் வீடு பஸ் டிப்போவின் பின் தெருவில், கீழ்த்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கைப்பிடியில் வைத்த கையை எடுக்காமல் சற்று நேரம் நின்றார். அறைக்கதவுகளில் இருந்ததெல்லாம் அழுத்தித் திறக்கும் கைப்பிடிகள்.

“உள்ள வாங்கம்மா” என்றார்.

நாற்காலியில் மெத்தை போட்டு, அதன்மேல் ஒரு சால்வையையும் மடித்துப் போட்டிருந்தது. அதில் சுருண்டிருந்த பூனை தலையைத் தூக்கியது. தங்கை “ஊசி” என்றாள், சத்தமாகக்கூட இல்லை. ஒரே தாவல். தோளில் ஏறி, அக்குளில் மூஞ்சியைப் புதைத்து, மோட்டார் ஓடுவதுபோல் குர்ரென்று சத்தமிடத் தொடங்கினாள். தங்கை அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகுதான் கோபம் வந்தது.

“உங்களுக்குத் தெரியும்தானே சார்?”

“பெட்டியைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு.” அவர் எதிரே உட்கார்ந்தார். “எங்க பூனை என்னை அண்ட விடாது. அது எங்க வீட்டுக்காரியோட பூனை. அவ தவறிப்போனப்புறமும் அவ பூனைதான். நான் தட்டை வச்சுட்டு அறையை விட்டுப் போனாத்தான் சாப்பிடும். இவ வந்த அன்னிக்கே மடியில ஏறிப் படுத்துட்டா.”

“ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களுது எங்க வீட்ல தவிக்குது. சாயங்காலம் ஆனா...”

“ஜன்னல்ல ஏறிக் கூப்பிடுதா?”

தங்கை தலையாட்டினாள்.

“அவளைத்தான் கூப்பிடுது. இந்த நேரத்துக்குத்தான் வேலை முடிஞ்சு அவ தெருமுனையில வருவா. அவ போயும் நிக்கல. கூப்பிடும், நிறுத்தும், காதைத் திருப்பும். பதில் வந்த மாதிரி மறுபடி பேசும்.” அவர் குரல் தணிந்தது. “வீட்டுக்கு வரப் பயந்துகிட்டு டிப்போலயே உக்காந்திருப்பேம்மா. பஸ்ஸைக் கழுவுவேன். கழுவுன பஸ்ஸையே மறுபடி கழுவுவேன். மத்தவங்கல்லாம் சிரிப்பாங்க. ஒருநாள் அது கூப்பிட்டுட்டு நிறுத்துச்சு பாருங்க, அப்ப...”

“அப்ப?”

“எனக்கும் கேட்டுச்சு.”

தங்கை ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளும் அந்த இடைவெளியில், ஒவ்வொரு மாலையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்திருக்கிறாள். ஏதும் கேட்டதில்லை. ஆனால் அடுத்த முறை கேட்டுவிடுமோ என்றுதான் விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரே அமைதியா இருந்துச்சும்மா இந்தக் கொஞ்ச நாளா. அதுக்கு ஆசைப்பட்டுட்டேன். ஆனா தப்புதான். அவ வளர்த்ததை ஊரார் வீட்ல விட்டுட்டு நான் நிம்மதியாத் தூங்குனா அவ என்னைச் சும்மா விடுவாளா? வாங்க, நானே வந்து கூட்டிட்டு வர்றேன்.”

மாடி வீட்டுக்கு வந்து, பின்னறைக்குள் அவர் போனதும் உள்ளே ஒரு சீறல் கேட்டது. புறங்கையில் ரத்தக்கோடோடு வெளியே வந்தார். கையில் பெட்டி, முகத்தில் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். “இவதான். சந்தேகமே வேண்டாம். இந்தக் கீறல் அவ கீறுனதுதான்” என்றார். அக்கா மருந்து போட்டு அனுப்பினாள்.

அவர் போனதும் இருவரும் ஊசியைக் கூடத்தில் இறக்கிவிட்டார்கள். டாக்டரம்மா சொன்னதெல்லாம் அந்த மகிழ்ச்சியில் மறந்துபோயிற்று. ஊசி வாலைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணனிடம் ஓடினாள்.

மூட்டையின் வால் உப்பியது. அதே சத்தம் தொண்டையிலிருந்து கிளம்பியது.

அக்கா கையில் பலகை இருந்ததால் ஊசியின் காது தப்பியது. ஊசி கட்டிலடியில் புகுந்துகொண்டு, தன் வீட்டை, தன் அண்ணனை, புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத் தங்கை விக்கி விக்கி அழுதாள். ஆள் மாறியதை அவன் ஒருவன்தான் கண்டுபிடித்தான் என்று நம்பியிருந்தாள் அவள். அவன் அப்படி ஏதும் கண்டுபிடிக்கவில்லை. வேறு வாசனையோடு யார் வந்தாலும் அவனுக்கு வேறு ஆள்தான். கூடப்பிறந்தவளாக இருந்தாலும் சரி.

“இது ஊசிதானே?” என்றாள் அக்கா, மெல்ல.

“என்னக்கா கேக்குற! அக்குள்ல வந்து ஒளிஞ்சாளே!”

“இல்ல... சும்மா கேட்டேன்.”

போனில் டாக்டரம்மா, மாறிப்போனதற்கு மன்னிப்புக் கேட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “அந்த வீட்டு வாசனையும் ஆஸ்பத்திரி வாசனையும் உடம்புல ஏறியிருக்கும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க. இந்த வாட்டி பொறுமையா” என்றார்.

ஆரம்பித்தார்கள். இந்த முறை யார் கதவு சாத்தினது என்ற பேச்சே வரவில்லை. அக்கா ஊசியோடு ஒரு பக்கம், தங்கை மூட்டையோடு மறுபக்கம். நடுவில் மூடிய கதவு. துண்டை மாற்றி மாற்றித் துடைத்தார்கள். தட்டுகளை ஒவ்வொரு விரற்கடையாகக் கதவுக்குக் கிட்டே நகர்த்தினார்கள். “உறுமுறானா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்பாள். “இல்ல, மெல்லுறான்” என்று இந்தப் பக்கத்திலிருந்து தங்கை சொல்வாள். கதவு விரல் நுழையும் அளவு திறந்தது. பிறகு ஒரு சாண். வாரங்கள் ஓடின. அறைகளை மாற்றினார்கள், இவன் படுத்த இடத்தில் அவளும், அவள் படுத்த இடத்தில் இவனும். இரண்டு முறை கெட்டுப்போய்ப் பழையபடி தொடங்கினார்கள். எப்போதும் எதற்கும் அவசரப்படுகிற அக்கா, “பரவால்லடீ, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் தங்கை ஏறிய பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பேசினார்கள்.

“எப்படி இருக்கா உங்க வீட்டுது?” என்றாள் தங்கை.

“இப்பக் கூப்பிடறதில்லம்மா.”

“அப்பாடா. மறந்துட்டாளா?”

“மறக்கல.” அவர் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். “ஜன்னல் பக்கமே போறதில்ல. சாயங்காலம் ஆனா எங்க வீட்டுக்காரியோட அந்த நாற்காலிக்கு எதிர்ல உக்காந்துக்கறா. அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பா. முனகவும் மாட்டா. தூங்கிடுவா அப்படியே.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நான் அந்த நாற்காலியில உக்கார்றதில்ல. பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டிருக்கேன்” என்றார் அவர், வெகு சாதாரணமாக. பச்சை விளக்கு விழுந்தது. கியரைப் போட்டார்.

தங்கை அன்றைக்கு இரண்டு லென்ஸை உடைத்தாள்.

வீட்டில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியத்தில், கதவை முழுசாகத் திறந்துவிட்டு இருவரும் சுவரோடு சுவராக உட்கார்ந்தார்கள். மூட்டை கூடத்தைக் கடந்து ஊசியிடம் வந்தான். முகர்ந்தான். முகத்திலிருந்து தொடங்கி, கழுத்து, தோள், மயிர் மீண்டும் முளைத்துவிட்ட வயிறு என்று ஒரு இடம் விடாமல் முகர்ந்தான். ஊசி கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அக்கா பலகையைக் கையில் பிடித்திருந்தாள். முகர்ந்து முடித்தவன், ஒரு முழம் தள்ளிப் போய், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

பூனை பூனைக்கு முதுகைக் காட்டிப் படுத்தால் நம்பிவிட்டது என்று அர்த்தமாம், டாக்டரம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவை சண்டை போடவே இல்லை. ஒரே தட்டில் தின்கின்றன. ஒரே வெயிலில் படுக்கின்றன. ஆனால் பழையபடி பின்னிக்கொண்டு தூங்குவதில்லை. நடுவில் அந்த ஒரு முழம் எப்போதும் இருக்கிறது. அதைச் சுருக்கவும் யாரும் முயலவில்லை.

“போதும்டீ. ஒரே வீட்ல இருக்காங்கல்ல” என்றாள் அக்கா. மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, பலகையைச் சுவரில் சாய்த்தாள்.